போறணையின் இடப்பக்க மூலை

செலீனா அக்கா ஒரு பிடி கோதுமை மாவை எடுத்து விறகடுப்புப் போறணைக்குள் எறிந்தால் வேக்கரியில் எல்லோரும் கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்துவோம். மா விழுந்ததும் கறுத்தால் சூடு இன்னும் கூட. மெல்ல மெல்லத் தவிட்டு நிறத்துக்கு வந்தால் கேக் தட்டுகளை உள்ளே விடலாம். அவர் குனிந்து பார்த்துவிட்டு "ம்" என்பார். நத்தார் கிழமையில், கிறிஸ்து பிறப்புக் கேக்கோடு, எங்கள் பள்ளிமுனைப் பெண்கள் பாதிப்பேர் அந்த "ம்"முக்காகத்தான் பின்கதவில் காத்து நிற்பார்கள்.

எங்கள் பக்கத்தில் சிலர் மின்சார அடுப்பு வாங்கி வைத்திருக்கிறார்கள். என்றாலும் நத்தார்க் கேக் மட்டும் மஹ்மூது நானாவின் வேக்கரிக்குத்தான் வரும். வீட்டில் கேக்கை அடித்து, தட்டில் ஊற்றி, துணியால் மூடிக்கொண்டு இரவில் வருவார்கள். விறகுப் போறணையில் பாண் சுட்டு எடுத்த பிறகு மிஞ்சுகிற சூட்டில் கேக் வேகும். பெயர் எழுதி வைத்தால் தாள் கருகிப் போகும் என்பதால் ஒவ்வொரு வீட்டாரும் தட்டின் ஓரத்தில் முந்திரிக் கஜுப் பருப்பால் ஓர் அடையாளம் வைப்பார்கள். ஒருவருக்குச் சிலுவை, ஒருவருக்கு வட்டம்.

செலீனா அக்காவின் தட்டுக்கு அடையாளம் தேவையில்லை. சீனியைக் குறைத்துப் பனங்கட்டி போட்டு அடிப்பதால் அது கறுப்பாக இருக்கும். பனங்கட்டி கெதியாகக் கருகிவிடும் என்று அதைப் போறணையின் இடப்பக்க மூலையில், சூடு மெதுவாக ஏறுகிற இடத்தில் வைப்பார். மற்றத் தட்டுகளிலிருந்து வனிலா மணம் வரும். அதிலிருந்து கள்ளுத் தவறணைப் பக்கம் போகிற மாதிரி ஒரு மணம் வரும். "கறுத்தக் கேக் வேகுது" என்று றோட்டில் போகிறவர்களே சொல்வார்கள்.

அந்தக் கேக்கைப் பற்றிச் சொல்வதற்கு முன் எங்கள் கத்தோலிக்க ஆட்களின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷ நத்தாருக்குக் கேக் அடிக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மற்ற நேரத்தில் ஒரு வீட்டுத் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லை. ஒரு வாழைப்பழமாவது வைப்போம். துக்க வீட்டிலிருந்து மட்டும் தட்டு கழுவி வெறுமையாக வரும். அதை யாரும் குறை சொல்வதில்லை.

செலீனா அக்காவின் கணவர் எட்வேட் அண்ணர் அவுஸ்திரேலியாவுக்கென்று படகு ஏறியவர். அப்போது மகள் றெபேக்கா முதலாம் வகுப்பு. படகு போய்ச் சேர்ந்த செய்தியும் வரவில்லை, மூழ்கிய செய்தியும் வரவில்லை. அதே படகில் போனவர்களின் வீட்டார் இரண்டு மூன்று வருஷம் பார்த்துவிட்டு, கோயிலில் ஆத்துமப் பூசை கொடுத்து, வெள்ளை உடுத்தினார்கள். செலீனா அக்கா உடுத்தவில்லை. அதைப் பற்றி யாரோடும் வாதாடவும் இல்லை. நத்தார் வந்தால் கேக் அடித்தார். அவ்வளவுதான். சாவு இல்லாத வீடு என்பதற்கு அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

ஒவ்வொரு வருஷமும் முதல் துண்டை வெட்டி, பிறண்டிச் சாராயம் தெளித்து, எண்ணெய்த் தாளில் சுற்றி, எட்வேட் அண்ணருக்கென்று அலுமாரியின் மேல்தட்டில் வைப்பார். எறும்பு ஏறாமல் இருக்க அலுமாரிக் கால்கள் நான்கும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிற்கும். அடுத்த நத்தாருக்குப் புதுத் துண்டு உள்ளே போகும்போது பழைய துண்டு றெபேக்காவுக்கு வரும். ஒரு வருஷம் கிடந்த கேக் நல்லெண்ணெய் போல மினுங்கும். "எனக்குப் புதுக் கேக் வேண்டாம், அப்பான்ர துண்டைத் தாங்கோ" என்று அவள் சின்னதில் கேட்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவளுக்கு இந்த உலகத்தில் ஆகப் பிடித்த சாப்பாடு அதுதான்.

இப்படிப் பன்னிரண்டு நத்தார் போனது. அடுத்த நத்தாரில் நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

நத்தாருக்குச் சில நாள் முந்தின அந்த இரவு வேலை தொடக்கத்திலிருந்தே பிழைத்துக்கொண்டு போனது. மா குழைக்கிற சுபாஸ்கரன் வரவில்லை. கரோல் பாடப் போன இடத்தில் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறான் என்று செய்தி வந்தது. மாலையில் பெய்த மழையில் விறகு நனைந்து புகைந்தது. மெசினில் மாவைக் கொட்டி ஓடவிட்டதும் கரண்ட் போனது. வந்தது. திரும்பவும் போனது. மூன்றாம் தரம் கரண்ட் வந்தபோது மெசின் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றே போனது.

மஹ்மூது நானா மெசினை ஒரு உதை உதைத்தார். பிறகு காலைப் பிடித்துக்கொண்டு எங்கள் மேல் பாய்ந்தார்.

"பாத்துக்கொண்டு நிண்டா மா குழையுமா? கையால குழையுங்கோ!"

"குழைக்கிறம் நானா," என்றார் செலீனா அக்கா. "விடியப் பாண் வேணுமெண்டால் நீங்களும் கையைக் கழுவிக்கொண்டு வாங்கோ."

"நான் முதலாளியா வேலைக்காரனா?"

"மெசின் ஓடுமட்டும் முதலாளி."

அவர் முணுமுணுத்தபடி சட்டைக் கையை மடித்தார். நாங்கள் மூன்று பேரும் முழங்கை வரை மாவில் நின்றோம். எனக்குத் தோள் கழன்றுவிடும் போல இருந்தது. செலீனா அக்காவுக்கு என்னைவிட வயது கூட, உடம்பு குறைவு. ஆனால் மாவைத் தூக்கி மேசையில் அறைகிற அறையில் அச்சுத் தகரங்கள் எல்லாம் அதிர்ந்தன. அவரை அப்படிக் கோபத்தோடு நான் பார்த்ததில்லை. சுபாஸ்கரன் மேல் கோபம் என்றுதான் நினைத்தேன்.

பாண் பிந்தியதால் கேக்கும் பிந்தியது. பின்கதவில் குடைகளோடும் தட்டுகளோடும் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"செலீனா, என்ர கேக் பொங்கி முடிஞ்சு அமுங்கிப் போகப்போகுது."

"உங்கட கேக் எந்த வருஷம் பொங்கினது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசிப் பாணும் வெளியே வந்தது. செலீனா அக்கா தணலை இழுத்து, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, மாவை எறிந்து பார்த்தார். "ம்" என்றார். நான் தட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கிக் கொடுத்தேன். அவர் நீட்டுப் பலகையில் வைத்து உள்ளே தள்ளினார். இடப்பக்க மூலையை வழமை போல வெறுமையாக விட்டார். அவருடைய தட்டை எங்கே வைத்திருக்கிறார் என்று நான் சுற்றிப் பார்த்தேன். காணவில்லை.

அந்த நேரம்தான் அடுத்த வீட்டு அனஸ்தாசியா மாமி தன் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"என்ன பிள்ளை, உன்ர கறுத்தக் கேக்கை இன்னும் போடேல்லையோ? மணத்தைக் காணேல்லை."

"இந்த முறை அடிக்கேல்லை மாமி."

செலீனா அக்கா அதைத் தலை நிமிராமல் சொன்னார். மாமியின் தட்டு ஒருபக்கம் சரிந்தது. நான் ஓடிப்போய்ப் பிடிக்காவிட்டால் கீழே போயிருக்கும். கதவடியில் யாரோ சிலுவை போட்டார்கள்.

"எட்வேட்டுக்கு... செய்தி ஏதும் வந்ததோ?"

செலீனா அக்கா கையை நீட்டினார். "தட்டைத் தாங்கோ மாமி. சூடு போகுது."

மற்றப் பெண்கள் எப்போது வந்து எடுக்கலாம் என்று கூடக் கேட்காமல் தட்டுகளைத் தந்துவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு வருஷம் அசையாத மனுசி ஒரே சொல்லில் அசைந்துவிட்டாரே என்று நினைத்தேன். மஹ்மூது நானா தொப்பியைச் சரிசெய்து, சாவுச் செய்தி கேட்டால் அவர்கள் ஓதுகிறதை வாய்க்குள் ஓதினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"வீட்டை போங்கோ செலீனா. நான் பாத்துக்கொள்றன்."

"உங்களுக்குச் சூடு பாக்கத் தெரியாது நானா."

அவர் முன்பக்கம் பாண் ஏற்றப் போய்விட்டார்.

போறணைக் கதவை மூடுவதற்குக் கொஞ்சம் முன்தான் றெபேக்கா வந்தாள். தலை முழுக்க நனைந்திருந்தது. நெஞ்சோடு அணைத்துப் பிடித்த தட்டு மட்டும் நனையவில்லை. துணியை விலக்கினாள். கறுத்த மா. ஓரத்தில் ஒரு கஜுவும் இல்லை.

"இதைப் போடுங்கோ அம்மா."

"ஆர் இதை அடிச்சது?"

"நான்தான். நீங்கள் ரவை ஊறப்போடேல்லை, பனங்கட்டி வாங்கேல்லை. நான் எல்லாம் பாத்துக்கொண்டுதானே இருந்தனான். மறந்திட்டீங்களாக்குமெண்டு நினைச்சன்."

"கொண்டு போ பிள்ளை."

"வாற வழியில அனஸ்தாசியா மாமி என்னைக் கட்டிப்பிடிச்சு அழுறா. அப்பா செத்துப்போனாராம். எனக்குச் சொல்லாமல் ஊருக்குச் சொன்னனீங்களோ?"

"நான் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை."

"கேக் அடிக்கேல்லையெண்டு சொன்னா பிறகு என்ன? பன்னிரண்டு வருஷம் நீங்கள்தானே எனக்குக் காட்டித் தந்தனீங்கள். இப்ப ஏன் அப்பாவைச் சாக்கொல்லுறீங்கள்?"

செலீனா அக்கா நீட்டுப் பலகையைச் சுவரில் சாய்த்தார். மாவுக் கையைச் சீலையில் துடைத்தார். என்னை ஒருமுறை பார்த்தார். நான் அச்சுத் தகரங்களைத் துடைக்கிற சாட்டில் குனிந்துகொண்டேன்.

"அப்பா சாகேல்லை," என்றார்.

றெபேக்காவின் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு சந்தோசம் வருகிற இடத்தில் தாயின் முகம் ஏன் அப்படிச் செத்துக் கிடக்கிறது?

"இருக்கிறாரோ? எங்கையம்மா? ஆர் சொன்னது?"

"மலேசியாவில. தலைமன்னார் றொஷான் அங்க வேலைக்குப் போன இடத்தில கண்டவன். அவன் நம்பர் வாங்கித் தந்தவன். நான் கதைச்சனான். முகம் பாத்துக் கதைச்சனான்."

"எப்ப?"

"நாலு கிழமைக்கு முந்தி, திருவருகைக் காலம் தொடங்கேக்க."

"இவ்வளவு நாளாச் சொல்லேல்லை! என்னை ஏன் கூப்பிடேல்லை?"

"கூப்பிடத்தான் வாயெடுத்தனான். அதுக்குள்ள ஒரு சின்னப் பெட்டை வந்து அவற்ற மடியில ஏறினவள். 'அப்பா' எண்டவள். பின்னால ஒரு மனுசி நிண்டு சோறு போடுறா."

றெபேக்கா தட்டை மேசையில் வைத்தாள். இல்லை, வைக்கவில்லை, அது அவள் கையிலிருந்து மேசைக்குச் சரிந்தது.

"படகு இந்தோனேசியாப் பக்கம் ஒதுங்கினதாம்," என்றார் செலீனா அக்கா. பாண் கணக்குச் சொல்கிற குரலில் சொன்னார். "அங்கயிருந்து மலேசியா. பிறகு இப்பிடி ஆயிட்டுதாம். இனித் தேட வேண்டாமாம்."

"என்னைக் கேட்டவரோ?"

"கேட்டவர். வளந்திட்டாளோ எண்டு கேட்டவர்." செலீனா அக்கா போறணைக்குள் ஒருமுறை குனிந்து பார்த்தார். "பிறகு சிரிச்சுக்கொண்டு கேட்டார், அந்தக் கறுத்தக் கேக் இப்பவும் சுடுறனியே எண்டு."

அலுமாரிக் கால்களுக்குக் கீழே இருக்கிற அந்த நான்கு கிண்ணங்கள் ஞாபகம் வந்தன. பன்னிரண்டு வருஷம் அவற்றில் தண்ணீர் வற்ற விடாத மனுசியிடம் ஒரு ஆள் சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" றெபேக்காவின் குரல் குழந்தைக் குரல் போல வந்தது.

"போனை வைச்சிட்டன்."

"அலுமாரிக்குள்ள இருக்கிற துண்டு?"

"அது இருக்குது. எப்பவும் நீதானே அதைத் திண்டனி. அந்த மனுசன் எப்பத் திண்டது?"

முன்பக்கமிருந்து மஹ்மூது நானா கத்தினார். "கதவை மூடுங்கோ செலீனா! எல்லாற்ற கேக்கும் பச்சையாக் கிடக்கப்போகுது!"

செலீனா அக்கா நீட்டுப் பலகையை மறுபடி எடுத்தார். மகள் பக்கம் நீட்டினார்.

"இப்ப உனக்கும் தெரியும். போடச் சொன்னாப் போடுறன். அந்த மூலை வெறுமையாத்தான் கிடக்கு."

றெபேக்கா போறணை வாயைப் பார்த்தாள். உள்ளே தட்டுகள் வரிசையாக இருந்தன. இடப்பக்க மூலையில் கல் மட்டும் தெரிந்தது. அவள் துணியை எடுத்துத் தன் தட்டை மூடினாள். பிரேதத்தின் முகத்தை மூடுவது போல நான்கு பக்கமும் மூடினாள். செலீனா அக்கா இரும்புக் கதவைத் தள்ளிச் சாத்தினார்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. மாச் சாக்கின் மேல் குந்திக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். செலீனா அக்கா கேக்குகளை எடுத்தார், பணிஸ் சுட வைத்தார், அச்சுகளைத் தட்டினார், மகள் பக்கம் திரும்பவில்லை. விடியும்போது தட்டிலிருந்த மா இறுகி, பட்டர் பிரிந்து மேலே வந்திருந்தது. அதை அவள் அப்படியே தூக்கிக்கொண்டு போனாள். அவர்களுடைய வளவில் கோழிகள் கறுத்த மாவைக் கொத்தித் தின்றதைப் பிறகு கண்டேன்.

நான் யாருக்கும் சொல்லவில்லை. இப்போது ஊருக்கு எல்லாம் தெரியும், அதனால் எழுதுகிறேன். அந்த நத்தாரில் தெரியாது. ஊருக்குத் தெரிந்ததெல்லாம் போறணையின் இடப்பக்க மூலை வெறுமையாக இருந்தது என்பதுதான். அதற்கு ஊரில் ஒரு அர்த்தம்தான் உண்டு.

நத்தார்ப் பூசை முடிந்து வந்ததும் அம்மா ஒரு தட்டில் கேக்கை வெட்டி வைத்து, மேலே வெள்ளைத் துணி போட்டு என் கையில் தந்தார்.

"செலீனா வீட்டை குடுத்திட்டு வா."

என்ன சொல்லி மறுப்பது? வாங்கிக்கொண்டு போனேன். ஒழுங்கையில் எனக்கு முன்னால் அனஸ்தாசியா மாமி தட்டோடு போனார். அவருக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர். மஹ்மூது நானாவின் மனைவி றஸ்னாவும் ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். எல்லோரும் நத்தார் உடுப்பை மாற்றிச் சாதாரண சீலைக்கு வந்திருந்தார்கள். நடக்கிற நடையே செத்தவீட்டு நடை.

வாசலில் றெபேக்கா நின்றாள். உள்ளே கதிரையில் செலீனா அக்கா. தட்டுகள் வருவதைக் கண்டதும் அவர் எழுந்துவிட்டார். அவருக்கு அது தோன்றியே இருக்கவில்லை என்று நினைக்கிறேன். கேக் அடிக்காமல் விட்டது தன் கோபத்துக்கு. ஊர் கதைக்கிறது தெரிந்திருந்தும், இப்படித் தட்டோடு வந்து நிற்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஒதுங்கி அலுமாரியடியில் நின்றார்.

அனஸ்தாசியா மாமி வாசலில் நின்ற றெபேக்காவிடம் தட்டை நீட்டினார். அழுதுகொண்டே சொன்னார்:

"வாங்கு பிள்ளை. பன்னிரண்டு வருஷம் பிந்திப்போச்சு."

இப்போது சொல்லிவிடுவாள் என்று நான் நினைத்தேன். மாமி, அப்பா சாகவில்லை, தட்டைக் கொண்டு போங்கோ என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொன்னால் வந்தவர்கள் பாதிப்பேர் சந்தோசப்படுவார்கள், பாதிப்பேர் கதை கேட்கக் குந்துவார்கள். றெபேக்கா மாமியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பித் தாயைப் பார்த்தாள். செலீனா அக்கா ஓமென்றும் இல்லையென்றும் தலையாட்டவில்லை.

றெபேக்கா இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள்.

"உள்ளுக்கு வாங்கோ மாமி," என்றாள். "அப்பாவுக்கு ஒரு செபம் சொல்லிப்போட்டுப் போங்கோ."

என் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தேன். மாதா சுரூபத்துக்கு முன்னால் எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். நானும் நின்றேன். மாமி இறந்தவர்களுக்கான செபத்தைத் தொடங்கினார். உயிரோடு இருக்கிற ஒரு மனுசனின் பெயரைச் சொல்லி, அவருடைய ஆத்துமத்துக்கு இளைப்பாற்றி கேட்டார். மறுமொழியை மற்றவர்கள் வாய்க்குள் சொன்னார்கள். றெபேக்கா ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாகச் சொன்னாள். அவளுடைய கண்ணில் ஒரு சொட்டு இல்லை. செலீனா அக்கா மட்டும் முழங்காலில் நிற்காமல் அலுமாரியைப் பிடித்துக்கொண்டு, மகளை முதல் தரம் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமென்" வந்த இடத்தில்தான் அவரும் முழங்காலில் நின்றார்.

செபம் முடிந்ததும் றெபேக்கா எங்கள் தட்டுகளை எல்லாம் குசினிக்குக் கொண்டுபோனாள். கேக்கை வேறாக எடுத்து வைத்துவிட்டுத் தட்டுகளைக் கழுவும் சத்தம் கேட்டது. குசினிச் சட்டத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம் தொங்கியது. அதிலிருந்து ஒன்றையும் அவள் பிய்க்கவில்லை. ஒவ்வொருவர் தட்டாகக் கொண்டுவந்து அவரவர் கையில் கொடுத்தாள். என்னிடம் வந்தபோது ஒரு நொடி என் கண்ணைப் பார்த்தாள்.

என் தட்டும் வெறுமையாகத்தான் இருந்தது. கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை.